மூன்று நாள் முன்னதாக நிறுத்தவும்

குடலின் உள்தோலை உரித்தெடுப்பதில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

எங்கள் கூடம் ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. கீழே அறுவை அரங்கில் யாருக்காவது குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால், அவர்கள் பரிசோதனைக்கு வேண்டியது போக மிச்சத்தில் ஒரு கட்டைவிரல் அளவு எங்களுக்கு வரும். நோயாளி முன்கூட்டியே சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பார். பெயர் இருக்காது, குப்பியின் மேல் எண் மட்டும்தான். அதை மெழுகுத் தட்டில் ஊசி குத்தி விரித்து, தசையை இடுக்கியால் பிடித்து உரித்தால், நனைந்த காகிதம் போல உள்தோல் தனியாக வரும். அதை இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளுக்கு நடுவில், ஒரு சின்ன ஓட்டையை அடைக்கிற மாதிரி மாட்டுவேன். இரண்டு பக்கமும் உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீர், அடியில் குமிழ் விட ஒரு குழாய். இந்த உபசாரத்தைச் சரியாகச் செய்தால் அந்தத் தோல் மூன்று நான்கு மணி நேரம் உயிரோடு இருக்கும். தோலுக்குச் சொந்தமானவர் கீழே மயக்கத்தில் கிடக்க, இது மேலே அதுபாட்டுக்கு உப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். உப்பின் அயனிகள் நகர்ந்தால் மின்சாரம். அந்த மின்சாரம் திரையில் ஒரு கோடாக ஓடும்.

ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விடுவோம். எங்கள் கூடத்தில் அதற்குக் கடைசிச் சர்க்கரை என்று பெயர். தோல் உயிரோடு இருந்தால் சர்க்கரையைக் கண்டதும் கோடு ஏறும். செத்திருந்தால் படுத்தே கிடக்கும். ஏறினால்தான் அன்றைய கணக்கு செல்லும். இல்லாவிட்டால் காலையிலிருந்து பார்த்த வேலை முழுக்கக் குப்பைக் கூடைக்குப் போகும்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவனைக் குள்ளன் என்று கூப்பிடுவோம். பத்து வயதுவரை வகுப்பிலேயே குட்டையாக இருந்தவன், அதற்கப்புறம் வாசல்படியில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்தான். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. நாற்பத்தெட்டில் சிறுகுடலில் முக்கால் அடி நீளம் சுருங்கிப்போய், சாப்பிட்டதெல்லாம் அங்கே சிக்கிக்கொள்ள ஆரம்பித்தது. வெட்டி எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தேதி கொடுத்தார்கள். முதல் தேதி சர்க்கரை ஏறியிருக்கிறது என்று தள்ளிப்போனது. இரண்டாம் தேதி அரங்கு காலியில்லை என்று தள்ளிப்போனது. மூன்றாம் தேதிக்கு நான்கு நாள் முன்னால் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரில ஒரு பேப்பர் குடுத்தாங்க. எந்தெந்த மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு போட்டிருக்கு. இந்தப் புது சுகர் மாத்திரைக்கு நேரா, மூன்று நாள் முன்னதாக நிறுத்தவும்னு இருக்கு. நாளைலேர்ந்து நிறுத்திடவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டது என் துறையில். என்னிடம் சர்க்கரையையும் உப்பையும் பற்றிக் கேட்டால் நான் விடுவேனா?

"டேய், அந்த மாத்திரை எங்க வேலை செய்யுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"வயித்துல?"

"வயித்துல இல்ல, கிட்னில. ரத்தம் கிட்னிக்குள்ள போனதும் மொதல்ல உப்பு, சர்க்கரை, தண்ணி எல்லாத்தையும் சின்னச் சின்னக் குழாய்க்குள்ள கொட்டிடும். அப்புறம் வேணுங்கறத மட்டும் பொறுக்கி ரத்தத்துக்குத் திருப்பி ஏத்தும். ஏத்தறதுக்கு அந்தக் குழாய்ச் சுவத்துல லிஃப்ட் மாதிரி ஒண்ணு இருக்கு. சர்க்கரை அதுல தனியா ஏறினா நகராது. கூடவே சோடியமும் ஏறணும். சோடியம்னா உப்புதான். ரெண்டும் சேந்து ஏறினாத்தான் ஓடும்."

"எங்க லிஃப்ட்ல ஆள் கூடினாத்தான் ஓடாது" என்று சிரித்தான்.

"கேளுடா. ஒன் மாத்திரை என்ன பண்ணுதுன்னா, அந்தக் கிட்னி லிஃப்ட்டோட கதவுல கட்டைய வெச்சு அடைச்சிடுது. சர்க்கரை திரும்ப ஏற முடியாம ஒண்ணுக்கோட போயிடுது. அதனாலதான் ஒனக்கு சுகர் இறங்கியிருக்கு."

"அப்ப குடல்ல லிஃப்ட் இல்லியா?"

"இருக்கு. அதுவும் சர்க்கரையும் உப்பும் சேத்து ஏத்தறதுதான். வயித்தால போனா உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுக்கறாங்களே, எதுக்கு? சர்க்கரை ஏறினா உப்பும் கூட ஏறும், பின்னாடியே தண்ணியும் வரும். ஆனா குடல்ல இருக்கறது வேற மாடல். ஒன் மாத்திரை அதத் தொடவே தொடாது."

"வேற கம்பெனின்னு சொல்லு."

"ஆமா, வேற கம்பெனி. இப்ப ஒனக்குக் கத்தி வெக்கப் போறது குடல்ல. மாத்திரை இருக்கறது கிட்னில. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? எல்லா மாத்திரைக்கும் நிறுத்து நிறுத்துன்னு ஒரு பேப்பர அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. நீ இத நிறுத்தினா சுகர் ஏறும். ஏறினா மூணாவது தடவயும் தள்ளி வெப்பாங்க."

"எங்க வேலைல எந்த மாடில கை வெக்கறதா இருந்தாலும் மெயின ஆஃப் பண்ணிடுவோம்க்கா" என்றான்.

"ஒடம்பு லிஃப்ட் இல்லடா" என்றேன். அரை மணி நேரமாக உடம்பை லிஃப்ட் லிஃப்ட் என்று சொன்னதும் நான்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். "சேரும்போது கேப்பாங்க, நிறுத்தியாச்சான்னு. நிறுத்திட்டேன்னு சொல்லிடு. இல்லன்னா அதுக்கும் வம்பு பண்ணுவாங்க" என்றும் சொன்னேன்.

"சரிக்கா. நீ சொன்னா சரி" என்றான் குள்ளன்.

அறுவை அன்று காலை பத்தே முக்காலுக்கு எங்கள் மாடிக்குக் குப்பி வந்தது. எண்தான் இருந்தது. ஆனால் அன்று அரங்கில் சிறுகுடல் வேலை தம்பியுடையது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். எங்கள் உறவினர்களின் தோலை நாங்கள் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. வேறு யாரிடம் கொடுப்பது? எங்கள் கூடத்தை நடத்தும் பேராசிரியை அன்று ஊரில் இல்லை. கூடத்தில் மற்ற இரண்டு பேருக்கும் உரிக்கத் தெரியும் என்று சம்பளம் மட்டும்தான் சொல்கிறது. நானே உரித்தேன். ஒரு கிழிசல் இல்லை. மாட்டினேன். கோடு ஒழுங்காக ஓடியது. ஒன்றரை மணிக்குக் கடைசிச் சர்க்கரை விட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. செங்குத்தாக ஏறி, உச்சியில் போய் அப்படியே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்னது சரிதானே! நேற்றுக் காலைவரை மாத்திரை சாப்பிட்டவனின் குடல் இது. அந்த மாத்திரை இதன் லிஃப்ட்டைத் தொடவே இல்லை. வேறு கம்பெனிதான். அந்தத் திரையை என் போனில் படம் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

தம்பி அரைத் தூக்கத்தில் இருந்தான். பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். நான் படத்தைக் காட்டினேன்.

"பாருடா, ஒன் குடல் சர்க்கரையக் கண்டதும் எப்படித் தாவுதுன்னு. ஒன்ன மாதிரியே."

அவன் கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தான். "நல்லா வேலை செய்யுதா?"

"சூப்பரா."

"அப்ப ஏன் வெட்டினாங்க" என்றான்.

அதுதான் அவன் என்னிடம் செய்த கடைசிக் கிண்டல்.

மறுநாள் காலை நான் போனபோது அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கிக்கொண்டிருந்தது, மாடிப்படி ஏறி வந்தவனைப் போல. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். "சுகர் நூத்தி அறுபதுதான். ஆபரேஷன் ஆனவங்களுக்கு இது ஒண்ணுமில்ல" என்றாள். நான் தம்பி மனைவியைப் பார்த்து, "பாத்தியா, சுகர் நார்மல்" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நான் அந்த நூற்று அறுபதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையல் போட்ட இடத்தில் குடல் கசிகிறதோ என்று அறுவை மருத்துவர் சந்தேகப்பட்டார். வாந்தி, வயிற்று வலி, மூச்சு, எல்லாம் அதற்குப் பொருந்தியது. மதியத்துக்குள் திரும்ப உள்ளே கொண்டுபோய் வயிற்றைத் திறந்தார்கள். கசிவு இல்லை. தையல் முத்துப்போல இருந்தது என்றார். மூடி, தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் இளவயதுப் பெண், தூங்கி நாளானவள் போன்ற முகம். அவள்தான் ரத்தத்தில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"அவர் சுகருக்கு என்ன மாத்திரை சாப்ட்டார்?"

தம்பி மனைவி பெயரைச் சொன்னாள்.

"அத மூணு நாள் முன்னாடி நிறுத்தியிருக்கணுமே. நிறுத்திட்டதாத்தான் ஃபாரத்துல இருக்கு. நிறுத்தினாரா?"

நான் அங்கேதான் நின்றேன். கையில் அவனுடைய செருப்புகள் இருந்த பை. எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது, புரியவும் செய்தது. வாய்தான் திறக்கவில்லை. பயமா என்று கேட்டால் பயம்கூட இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் எப்படி இருக்கும், உடம்பு பூரா அப்படி.

"நிறுத்தல டாக்டர்" என்றாள் தம்பி மனைவி. "நான்தான் டெய்லி எடுத்துக் குடுப்பேன். ஆபரேஷனுக்கு மொத நாள் காலைல வரைக்கும் குடுத்தேன். நான்தான் மறந்துட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னாள். மாத்திரையின் வேலை உடம்பில் நாள்கணக்கில் நிற்கும். கிட்னி சர்க்கரையை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். பட்டினி, அறுவை இரண்டும் சேர்ந்தால் உடம்பு சர்க்கரை இல்லை என்று நினைத்துக் கொழுப்பை எரிக்க ஆரம்பித்துவிடும். எரித்தால் அமிலம். ரத்தம் புளித்துப்போகும். மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படி ஆனால் சுகர் நானூறு ஐந்நூறு என்று காட்டிக்கொடுத்துவிடும். இதில் சுகர் சாதாரணமாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

அவள் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்கு முன்பே தெரியும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன். அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரு தரம் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் தம்பியைக் கெடுத்தேன்.

இன்சுலினும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்த்து ஏற்றினார்கள். அன்று பின்னிரவு மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு அவன் இதயம் நின்றது. நாற்பது நிமிஷம் அழுத்திப் பார்த்தார்கள். அப்புறம் அழுத்துவதை நிறுத்தினார்கள்.

நான் அழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்து, பாவம் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். அடக்க ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது? கூடத்தில் உரித்தேன், மாட்டினேன், சொட்டு விட்டேன். கை பழகிய வேலைக்கு ஆள் தேவையில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலங்களில் தம்பி வீட்டுக்குப் போவேன். அம்மா அவர்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு அழுது தீர்ந்த பிறகு வாய் கிளம்பியது. ஒரு நாள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு மாத்திரை" என்றாள் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டு. "ஊரான் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி தேய்ச்சுத் தர்றா. வீட்ல இருந்த பேப்பர ஒரு தரம் படிக்கத் தெரியல."

தம்பி மனைவி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

"எம் பொண்ணு ஒருத்தி அந்த ஆஸ்பத்திரிலயே இருக்கா. அவளயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"அம்மா, விடு" என்றேன் நான். இவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டேன். சாப்பாட்டில் உப்பு இருந்ததா, இல்லையா, தெரியவில்லை. என்னைப் பற்றி நான் அருவருப்பாக நினைக்க வேண்டிய நேரம் அது. நினைத்தேன். நினைப்பாக மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் கூடத்தில் மாதக் கூட்டம். பேராசிரியை சுவரில் ஒரு கோட்டைப் போட்டுக் காட்டினார். கீழே தம்பியுடைய குப்பியின் எண் இருந்தது.

"இதப் பாருங்க. கடைசிச் சர்க்கரைக்கு இப்படி ஒரு ஏத்தம். பாடப் புத்தகத்துல போடலாம். நம்ம கட்டுரைல மொதல் படமே இதுதான்." என் பக்கம் திரும்பினார். "யார் கைன்னு சொல்லணுமா?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அது யாருடைய தோல் என்று அந்தக் கூட்டம் முடிந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். விதியை மீறியதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை எடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம், இருக்கட்டும், நல்ல ஏற்றம்தான் என்றேன். மாத்திரையைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

இருபத்தாறாம் நாள் தம்பி மனைவி போன் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்றாள். வேலை முடிந்து போனேன். அம்மா பக்கத்து அறையில் படுத்திருந்தாள். சமையலறை மேஜையில் கடிதம் விரித்திருந்தது, மேலே ஒரு பேனா.

இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கத் தேதியும் நேரமும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி: நோயாளியின் மனைவி தெரிவித்தபடி, அறுவைக்கு முன் நிறுத்த வேண்டிய மாத்திரை அவரது கவனக்குறைவால் தொடர்ந்து கொடுக்கப்பட்டதே மரணத்துக்கு வழிவகுத்தது. கீழே, இது சரி என்றால் கையெழுத்திடவும். வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால் எழுதவும் என்று ஐந்து கோடுகள்.

"எல்லாம் சரியாத்தான இருக்கு அண்ணி?" என்றாள். பேனாவை எடுத்தாள்.

அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தை அவள் பெயரோடு கோப்பில் ஏறிவிடும். அம்மாவின் வாயிலிருந்து அது எப்போதும் இறங்காது. நான் ஒரு பத்து வினாடி பேசாமல் இருந்தால் போதும். இருபத்தாறு நாள் பேசாமல் இருந்தவளுக்குப் பத்து வினாடி பெரிதா?

"கையெழுத்துப் போடாத" என்றேன். "நிறுத்த வேண்டாம்னு அவன்ட்ட சொன்னது நான். கேட்டா நிறுத்திட்டேன்னு சொல்லுன்னதும் நான்தான்."

அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"தெரியும் அண்ணி."

"எப்படி?" என்றேன்.

"அன்னிக்கு ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தார். நீங்க பேசறத நானும் கேக்கணுமாம். எங்க அக்கா எப்படிச் சொல்றா பாருன்னு என்னையப் பாத்துப் பாத்துச் சிரிச்சிட்டிருந்தார். போன வெச்சதும் நான் அந்தப் பேப்பர எடுத்துக் காட்டினேன், இதுல இப்படிப் போட்டிருக்கேங்கன்னு. அக்காவுக்குத் தெரியாததான்னுட்டார்."

"அப்புறம் ஏன் டாக்டர்ட்ட நீ மறந்துட்டேன்னு சொன்ன? எனக்காகவா?"

"ஒங்களுக்காக இல்ல." அவள் கடிதத்தின் மூலையை விரலால் நீவினாள். "ஆபரேஷன் ஆன அன்னிக்கு ராத்திரியே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. மாத்திரைய நிறுத்தாம விட்டதாலயா இருக்குமோன்னு அவரே கேட்டார். நர்ஸக் கூப்ட்டுச் சொல்லட்டுமான்னேன். வேணாம்னுட்டார். சொன்னா, யார் நிறுத்த வேணாம்னு சொன்னாங்கன்னு கேப்பாங்க, அக்கா இங்கயே வேலை பாக்கறா, அவளுக்கு வம்பாப் போயிடும்னார். விடிஞ்சதும் அக்கா வருவா, அவளையே கேட்டுக்கலாம்னார்."

"காலைல நான் வந்தேனே."

"வந்தீங்க. அவருக்கு வாய் திறந்தா வாந்தி. நான் கேக்கலாம்னு எழுந்தேன். நீங்க சுகர் நார்மல்னீங்க." "நீங்களே நார்மல்னு சொன்னதும், சரி, அதனால இல்லன்னு நெனச்சு உக்காந்துட்டேன்."

பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அது அடங்கும்வரை காத்திருந்தோம்.

"ராத்திரி பூரா தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு இருந்தது நான்தான அண்ணி. அதனால டாக்டர்ட்ட சொன்னது பொய்யின்னு எனக்குத் தோணல. அத்தை திட்டறப்பகூட, திட்டட்டும்னுதான் இருந்துச்சு."

நான் பேனாவை எடுத்தேன். போன் பேசிய தேதி, நான் சொன்னது, ஃபாரத்தில் பொய் சொல்லச் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். வார்த்தை வார்த்தையாக எழுதியும் ஐந்து கோட்டில் நாலு கோடுதான் ஆனது. அரை மணி நேரப் பேச்சு அது. ஐந்தாவது கோட்டில் என் கையெழுத்தைப் போட்டு, உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன்.

அவள் அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் படித்தாள்.

"ராத்திரி அவர் சொன்னத எழுதல" என்றாள்.

"எழுதணுமா?"

"வேணாம்."

கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். ஒட்டவில்லை. உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணி. ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அந்த ராத்திரியே நான் நர்ஸக் கூப்ட்டுச் சொல்லியிருந்தா, அவர் பொழச்சிருப்பாரா?"

பிழைத்திருப்பான். அந்த நேரத்தில் ரத்தம் அவ்வளவாகப் புளித்திருக்காது. ஒரு கையில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு கையில் இன்சுலின், மணிக்கொரு தரம் பொட்டாசியம் பார்த்திருந்தால் போதும். விடியும்போது மூச்சு நிதானத்துக்கு வந்திருக்கும். காலையில் நான் போகும்போது உட்கார்ந்துகொண்டு ஏதாவது கிண்டல் செய்திருப்பான். இதை எனக்கு எண்களோடு சொல்லத் தெரியும். எத்தனை யூனிட், எத்தனை மணி நேரம் என்று.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. சரி அண்ணி என்று உறையை ஒட்டினாள்.